நாலெழுத்துப் பெயர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலில், 'அல்லேலூயா'வின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'யா' கடவுளின் பெயர் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை முழுக்க. பக்திக்கு இடைஞ்சல் செய்வது என் நோக்கமில்லை, ஆனால் கேட்டது வரலாறு என்பதால் வரலாற்றையே சொல்கிறேன்.

கேள்வி: 'யா' கடவுளின் பெயர் என்கிறீர்கள். பைபிளில் 'கர்த்தர்' என்றுதானே இருக்கிறது?

'ஹல்லெலு' என்றால் புகழுங்கள். 'யா' என்பது ஒரு பெயரின் சுருக்கம். முழுப் பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எபிரெய எழுத்துகள். எபிரெய வேதாகமத்தில் 6,800 தடவைக்கு மேல் வருகிறது, வேறு எந்தப் பெயரும் பக்கத்தில்கூட வராது. யூதர்கள் அதைப் பார்த்ததும் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்' என்று வாசிப்பார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பும் லத்தீன் மொழிபெயர்ப்பும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டன, தமிழும் அதே வழியில் போனது. பழைய தமிழ் பைபிளின் பழைய ஏற்பாட்டில் 'கர்த்தர்' என்று கண்டால் மூலத்தில் பெரும்பாலும் அந்த நாலெழுத்து இருக்கும், 'தேவன்' என்று கண்டால் பெரும்பாலும் 'எலோஹிம்' இருக்கும். பெயரை மறைக்க முடியாத சில இடங்களில் மட்டும் 'யேகோவா' என்றே அச்சிட்டிருக்கிறார்கள், யாத்திராகமம் 6:3 எடுத்துப் பாருங்கள்.

ஆட்களின் பெயர்களிலும் இது ஒளிந்திருக்கிறது. ஏசாயா, எரேமியா என்று வாலில் 'யா' வரும், யோவான், யோசுவா என்று தலையில் 'யோ'வாக வரும். தானியேல், சாமுவேல், மிகாவேல் ஆகியோர் இன்னொரு கட்சி, அவர்களிடம் இருப்பது 'ஏல்', அதாவது கடவுள். எலியாவிடம் இரண்டும் உண்டு: 'ஏலி' என்றால் என் கடவுள், அப்புறம் 'யா'. "என் கடவுள் யா" என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் பாகால் என்ற கானானியத் தெய்வத்தின் தீர்க்கதரிசிகளோடு மல்லுக்கு நிற்கிறார் என்றால், பெயரே கோஷம்தான்.

கேள்வி: யெகோவா சரியா, யாவே சரியா? எங்கள் வீட்டில் இது பெரிய சண்டை.

சண்டையில் நான் யாவே பக்கம், ஆனால் முழு மனதோடு இல்லை. காரணம் கொஞ்சம் நீளமானது.

பழைய எபிரெய எழுத்தில் உயிர் ஒலிகளுக்கு முறையான குறி கிடையாது, படிக்கிறவருக்கு மொழி தெரியும் என்பதால் மெய்யெழுத்துகளே போதுமானதாக இருந்தது. மற்ற சொற்களின் உச்சரிப்பு வாய்வழியாகப் பிழைத்தது, இந்தப் பெயரை மட்டும் வாயால் சொல்வதே மெல்ல நின்றுபோனது. தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்ற கட்டளை இருக்கிறதே, அதற்கு வேலி போட்டார்கள், வேலிக்கு மேல் வேலியும் போட்டார்கள். கடைசியில் வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில், எருசலேம் ஆலயத்தில் பிரதான ஆசாரியர் சொல்வார், கேட்கும் ஜனங்கள் முகங்குப்புற விழுவார்கள் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு விவரிக்கிறது. கி.பி. 70இல் ரோமானியர்கள் அந்த ஆலயத்தை இடித்தார்கள். சொல்வதற்கு இருந்த இடமும் போயிற்று.

அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, திபேரியா ஊரில் இருந்த மசோரெத்துகள் என்ற யூத அறிஞர்கள் வேதாகமத்தின் மெய்யெழுத்துகளுக்குக் கீழேயும் மேலேயும் புள்ளிகளும் கோடுகளும் போட்டு உச்சரிப்பைக் குறித்து வைத்தார்கள். இந்தப் பெயர் வந்த இடத்தில் அவர்கள் போட்டது 'அதோனாய்' என்ற சொல்லின் உயிர்க்குறிகளை, சின்ன மாற்றத்தோடு. "இதை எழுதியபடி வாசிக்காதே, அதோனாய் என்று வாசி" என்ற ஞாபகக் குறிப்பு அது, அவ்வளவுதான். இந்த ஏற்பாடு தெரியாமல் ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்கள் நாலு மெய்யெழுத்தையும் அந்நிய உயிர்களையும் சேர்த்து நேராக வாசித்தார்கள். பிறந்தது 'யெகோவா'. 1530இல் வில்லியம் டிண்டேல் தன் ஆங்கில மொழிபெயர்ப்பில் இதைப் போட்டார், அப்புறம் உலகம் முழுக்கப் போய்விட்டது.

'யாவே' என்பதற்கு ஆதாரம் கொஞ்சம் வலுவானது. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட் கிரேக்க எழுத்தில் ஏறத்தாழ 'யாவுவே' என்று குறித்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற ஆயர், சமாரியர்கள் 'யாவே' என்கிறார்கள் என்று எழுதினார். 'யா', 'யாஹு' என்ற சுருக்கங்களும் அதோடு ஒத்துப்போகின்றன. ஆக ஒன்று நல்ல ஊகம், மற்றது ஒரு விபத்து. இருந்தாலும் ஐந்நூறு வருஷமாக ஜனங்கள் கண்ணீரோடு கூப்பிட்ட ஒரு பெயரைப் போலி என்று தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. யூதர்களைக் கேட்டால் இரண்டையும் சொல்லாதே என்பார்கள். வத்திக்கானும் 2008இல், வழிபாட்டிலும் பாடல்களிலும் 'யாவே' என்று உச்சரிக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது.

கேள்வி: அந்தப் பெயருக்கு "இருக்கிறவர்" என்றுதானே பொருள்?

முட்செடியருகே மோசே பெயர் கேட்கும்போது "எஹ்யே அஷேர் எஹ்யே" என்று பதில் வருகிறது. தமிழ் பைபிள் "இருக்கிறவராக இருக்கிறேன்" என்கிறது. எபிரெய வினைச்சொல்லின் அந்த வடிவம் முடிவடையாத செயலைக் காட்டும், "இருப்பேன்" என்றும் எடுக்கலாம். இரண்டே வசனம் முன்னால் (யாத்திராகமம் 3:12) அதே 'எஹ்யே' வருகிறது, அங்கே "நான் உன்னோடே இருப்பேன்" என்று எல்லோரும் மொழிபெயர்க்கிறார்கள். அதனால் 14ஆம் வசனத்திலும் "எப்படி இருப்பேனோ அப்படி இருப்பேன், நீ போய் வேலையைப் பார்" என்ற தொனிதான் எனக்குக் கேட்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'ஹோ ஓன்', 'இருப்பவர்' என்று ஆக்கியதும் தத்துவவாதிகளுக்கு ஆயிரம் வருஷத்துக்குத் தீனி கிடைத்துவிட்டது.

இன்னொன்று. வேதாகமம் ஒரு பெயருக்குச் சொல்லும் விளக்கம் பல சமயம் ஒலியை வைத்து ஆடும் விளையாட்டு. மோசே என்றால் "தண்ணீரிலிருந்து எடுத்தேன்" என்கிறது, ஆனால் அது ராம்சேஸ், துத்மோஸ் போன்ற பெயர்களில் வரும், 'பிறந்த' என்று பொருள்படும் எகிப்தியச் சொல்லாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதே மாதிரி இந்தப் பெயரும் 'இரு' என்ற வினையோடு பிற்பாடு கோக்கப்பட்டிருக்கலாம். "இருக்கச் செய்பவர்", அதாவது படைப்பவர், என்று சிலர் விளக்குகிறார்கள். "வீசுகிறவர்" என்று காற்றோடும் புயலோடும் முடிச்சுப்போடுகிறவர்களும் உண்டு.

கேள்வி: எலோஹிம் பன்மைச் சொல். அப்படியானால் ஒரே கடவுளில் மூவர் என்ற திரித்துவம் முதல் வசனத்திலேயே இருக்கிறதா?

இல்லை. 'இம்' பன்மை விகுதி என்பது உண்மை, ஆனால் ஆதியாகமம் 1:1இல் 'படைத்தார்' என்ற வினை ஒருமையில் இருக்கிறது. தமிழில் ஒரே ஒருவரை 'அவர் வந்தார்' என்று பலர்பாலில் சொல்வது போன்ற மரியாதைதான். கானான் நாட்டுச் சிற்றரசர்கள் எகிப்தின் பார்வோனுக்கு எழுதிய அமர்னா கடிதங்களில் அந்த ஒற்றை மனிதரை "என் தெய்வங்களே" என்று பன்மையில் அழைக்கிறார்கள். நியாயாதிபதிகள் 11:24இல் மோவாபியரின் தெய்வமான காமோஸுக்கும் இதே 'எலோஹிம்'தான், காமோஸில் மூவர் இருந்ததாக யாரும் சொல்வதில்லை. திரித்துவத்தை நம்புகிறவர்கள் வேறு ஆதாரத்தைக் காட்டட்டும், இலக்கணத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கேள்வி: 'ஏல்' கானானியரின் தெய்வம் என்று படித்தேன். இஸ்ரவேலர் கடவுளைக் கடன் வாங்கினார்களா?

கடன் என்று சொல்ல மாட்டேன், கூட்டுக்குடும்பச் சொத்து என்று வேண்டுமானால் சொல்லலாம். 'ஏல்' செமிட்டிய மொழிகளில் பொதுச்சொல், பழைய மெசபடோமியாவின் அக்காடியனில் 'இலு', அரபியில் 'இலாஹ்'. அதே சமயம் அது ஒரு குறிப்பிட்ட தெய்வத்தின் பெயரும்கூட. சிரியாவின் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற இடத்தில் 1929இல் தோண்டத் தொடங்கியபோது உகாரித் என்ற பழைய நகரமும் அதன் களிமண் பலகைகளும் கிடைத்தன. அவற்றில் ஏல்தான் தெய்வங்களின் தகப்பன், வயதானவர், நிதானமானவர். பாகால் இளைஞன், மழைக்கும் இடிக்கும் சொந்தக்காரன். ஏலின் துணைவி அத்திராத், எபிரெயத்தில் அஷேரா.

இப்போது ஆதியாகமத்தைத் திறங்கள். மெல்கிசேதேக் ஆசாரியனாக இருப்பது 'ஏல் எலியோன்', உன்னதமான ஏலுக்கு. ஆகார் வனாந்தரத்தில் பெயரிடுவது 'ஏல் ரோயீ', என்னைக் காண்கிற ஏல். ஆபிரகாம் பெயெர்செபாவில் தொழுவது 'ஏல் ஓலாம்', நித்தியமான ஏல். யாக்கோபு போய்ச் சேருவது பெத்தேல், ஏலின் வீடு. 'இஸ்ரவேல்' என்ற பெயரிலேயே இருப்பது ஏல், யா அல்ல. யாத்திராகமம் 6:3 இதை மறைக்கவும் இல்லை: முற்பிதாக்களுக்கு ஏல் ஷடாயாகத் தரிசனமானேன், யேகோவா என்ற நாமத்தால் அவர்களுக்கு அறியப்படவில்லை என்கிறது.

அந்த நாலெழுத்துப் பெயர் தெற்கிலிருந்து வந்தது போலத் தெரிகிறது. நியாயாதிபதிகள் புத்தகத்தில் வரும் தெபோராளின் பாட்டு மிகப் பழையது, அதில் கடவுள் சேயீரிலிருந்து, ஏதோமிலிருந்து புறப்பட்டு வருகிறார். ஆபகூக் புத்தகத்தில் தேமானிலிருந்து வருகிறார். இன்றைய சூடானில் சோலேப் என்ற இடத்தில் மூன்றாம் அமென்ஹோதெப் கட்டிய கோயிலில், கி.மு. பதினான்காம் நூற்றாண்டில், 'யஹு நாட்டு ஷாசு' என்று ஒரு நாடோடிக் கூட்டத்தைப் பொறித்திருக்கிறார்கள். இரண்டு பெயரும் ஒன்றுதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சந்தேகமே இல்லாத கல்வெட்டு மோவாபிய அரசன் மேஷாவுடையது, சுமார் கி.மு. 840, இன்று பாரிசின் லூவ்ரில் இருக்கிறது. யாவேயின் பாத்திரங்களைப் பிடுங்கி வந்து காமோஸின் முன் இழுத்துப் போட்டேன் என்று பெருமையடிக்கிறான்.

ஒரு கட்டத்தில் ஏலும் யாவேயும் ஒருவராகிவிட்டார்கள், சண்டையில்லாமல். ஏலை எதிர்த்து வேதாகமத்தில் ஒரு தீர்க்கதரிசியும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள், திட்டு முழுவதும் பாகாலுக்குத்தான். சீனாய் பகுதியில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975, 76இல் கிடைத்த ஜாடிகளில், சுமார் கி.மு. 800ஐச் சேர்ந்த எழுத்தில், "சமாரியாவின் யாவேயும் அவருடைய அஷேராவும்" ஆசீர்வதிக்கட்டும் என்று இருக்கிறது. அஷேரா அங்கே தேவியா, மரக்கம்பமா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எதுவாக இருந்தாலும் ஏல் வீட்டில் இருந்த ஒரு பெயர் யாவே வீட்டுக்கு வந்திருக்கிறது.

கேள்வி: பாகால் என்றாலும் "ஆண்டவன்" என்றுதான் பொருளாமே?

ஆமாம், உடையவன், எஜமான், கணவன் என்றெல்லாம் பொருள். ஆரம்பத்தில் அது அவ்வளவு கெட்ட வார்த்தையாகவும் இல்லை, சவுல் ராஜா தன் மகனுக்கு எஸ்பால் என்று பெயர் வைத்திருக்கிறார், நாளாகமத்தில் அப்படியே இருக்கிறது. சாமுவேல் புத்தகத்தில் அதே ஆள் இஸ்போசேத், அதாவது 'வெட்கத்தின் மனிதன்'. பாகாலை வாயால் சொல்லக் கூசிய யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஓசியா 2:16இல் கடவுளே, இனி என்னை 'பாகாலி' என்னாதே, 'ஈஷி' என்று சொல் என்கிறார். இரண்டுக்கும் 'என் கணவன்' என்றே பொருள் கொள்ளலாம்.

கேள்வி: 'ஷடாய்' என்றால் சர்வவல்லவர் என்பது உறுதியா?

உறுதியில்லை. 48 இடங்களில் வருகிறது, அதில் 31 யோபு புத்தகத்தில் மட்டும். "மலைக்குரியவர்" என்று அக்காடியன் சொல்லை வைத்துப் பலர் சொல்கிறார்கள், மார்பு என்ற சொல்லோடும் அழிவு என்ற சொல்லோடும் வேதாகமக் கவிஞர்களே சிலேடை ஆடியிருக்கிறார்கள். 'சர்வவல்லவர்' என்பது கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் கொடுத்த பொருள். ஒரு பெயருக்கு ஒரே வரியில் அடித்துச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

கேள்வி: யூதர்கள் 15 என்ற எண்ணை எழுதப் பயப்படுவார்கள் என்கிறார்களே?

எண்ணுக்கு அல்ல. எபிரெயத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்படும். பத்தும் ஐந்தும் சேர்த்து எழுதினால் யோத், ஹே, அதாவது 'யா' ஆகிவிடும். அதனால் ஒன்பதும் ஆறும் சேர்த்து 'தெத், வாவ்' என்று எழுதுவார்கள், 16க்கு ஒன்பதும் ஏழும். பேச்சில் 'ஹஷெம்', 'அந்த நாமம்' என்பார்கள். அந்தப் பெயர் எழுதிய தாள் கிழிந்தாலும் எறிய மாட்டார்கள், கெனிசா என்ற அறையில் போட்டு வைப்பார்கள், பிற்பாடு புதைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் புதைக்காமலே ஆயிரம் வருஷமாகச் சேர்ந்துபோன கெனிசாவிலிருந்துதான், வேதாகமத் தாள்களோடு கடன் பத்திரமும் கல்யாண ஒப்பந்தமும் மலபார் கரையிலிருந்து வியாபாரிகள் போட்ட கடிதங்களும் கிடைத்தன.

கேள்வி: எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயரே இல்லையாமே, நிஜமா?

நிஜம். எபிரெய மூலத்தில் ஓரிடத்திலும் இல்லை. கிரேக்க எஸ்தரில்தான் கடவுள் வருகிறார்.