லீஷன் என்றால் என்ன? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவின் முதுகில் கறுப்பாக ஏதோ இருக்கிறதென்று தோல் மருத்துவரிடம் காட்டினோம். சீட்டில் ‘ஸ்கின் லீஷன்’ என்று எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அகராதியைப் பார்த்தால் ‘புண், சிதைவு’ என்கிறது. இணையத்தில் தேடினால் நேராகப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?

எம்.

அன்புள்ள எம்.,

லீஷன் ஒரு நோயின் பெயரே அல்ல. சுற்றியிருக்கும் தோலிலிருந்து மாறுபட்டுத் தெரிகிற எந்த இடத்துக்கும் மருத்துவத்தில் அதுதான் பெயர். கன்னத்துப் பரு லீஷன், கொசு கடித்த தடிப்பு லீஷன், பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் மச்சமும் லீஷன். தோல் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் உண்டுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சீட்டில் எழுதியிருக்கும் அந்த ஒரு சொல் ‘இங்கே ஒன்று இருக்கிறது, பார்த்தேன்’ என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

லத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்குக் காயம், சேதம் என்று பொருள். அகராதி அந்த வேரைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பயமுறுத்திவிட்டது. தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. தேமல், மரு, பரு, கொப்புளம், பொருக்கு, தழும்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லப் பொதுச்சொல் ஒன்று புழக்கத்தில் இல்லை. மொழிபெயர்ப்பவர் ‘புண்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மச்சத்தை யாராவது புண் என்பார்களா?

இனி அந்தப் பொதுச்சொல்லுக்குள் இருக்கும் வகைகள். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். எதுவும் தட்டுப்படவில்லை, நிறம் மட்டும்தான் வேறு என்றால் மேக்யூல். சின்னதாக, கெட்டியாக விரலில் தட்டுப்பட்டால் பாப்யூல். மேடாகவும் அகலமாகவும் படர்ந்திருந்தால் பிளேக். உள்ளே நீர் கோத்த சிறு கொப்புளம் வெசிக்கிள், சீழ் கோத்தது பஸ்டியூல்.

ராபர்ட் வில்லன் என்ற லண்டன் மருத்துவர் (பெயர்தான் வில்லன், ஆள் நல்லவர்) 1798இல் வெளிவரத் தொடங்கிய தன் நூலில் தோல் நோய்களை இப்படி எட்டு வகுப்புகளாகப் பிரித்தார். காரணம் எதுவென்று தெரியாத காலம் அது. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதற்கு முதலில் சரியாகப் பெயர் வைப்போம் என்றுதான் தொடங்கினார். தோல் மருத்துவர்கள் இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆகவே அடுத்த முறை போகும்போது “டாக்டர், என்ன வகை லீஷன்? எதுவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். தாராளமாகக் கேட்கலாம். அதுவரை, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரே வெளிச்சத்தில் இன்றைக்கு ஒரு படம், அடுத்த வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். அளவு கூடுகிறதா, ஓரம் கோணலாகிறதா, ஒரே இடத்தில் பல நிறம் தெரிகிறதா என்று அந்தப் படங்களை வைத்தே மருத்துவர் ஒப்பிட்டுவிடுவார். இதில் ஏதாவது கண்ணில் பட்டாலோ, ரத்தம் கசிந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

அப்புறம், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முதுகில் இருப்பதைப் படமெடுக்க அவர் திரும்பி உட்கார வேண்டுமே.