மாலை ஜெபத்தில் இறந்துபோன அப்பாவை எப்படி நினைவுகூர்வது?

அப்பா இறந்தபின் வீட்டு ஜெபமே நின்றுபோயிற்று, கத்தோலிக்கரான அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார், கணவர் வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), என்ன சொல்லி ஜெபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எந்த ஜெபத்தையும் தேடாதீர்கள், சகோதரி. வழக்கமாகச் சொல்லிவந்ததையே சொல்லுங்கள். அதற்குள் அப்பாவின் பெயருக்கு ஓர் இடம் கொடுங்கள். தினமும் இரங்கல் கூட்டம் நடத்தினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. பிள்ளைகள் முதலில் நழுவுவார்கள், பிறகு நீங்களே நழுவுவீர்கள்.

ஜெபம் ஏன் நின்றது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஜெபமாலையில் ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்க, மற்றவர்கள் 'புனித மரியே' என்று முடிப்பார்கள். தொடங்குகிறவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர்கள் எல்லோருக்கும் இரண்டாம் பாதிதான் வாயில் வரும். பெரம்பூரில் எங்கள் வீட்டிலும் அப்பா போனபின் இதே கதைதான். மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, முழந்தாளும் போட்டாயிற்று, ஆரம்பிக்க ஆளில்லை. கடைசியில் அத்தைதான், "சின்னவன் ஆரம்பிக்கட்டும்" என்று கறாராகச் சொன்னார். தம்பி மகன் பத்து 'அருள் நிறைந்த மரியே'வுக்குப் பதில் பதினொன்று சொல்வான், இயேசுவின் பாடுகளை நினைக்கும் துயர் மறையுண்மைகளை வரிசை மாற்றுவான். இன்றும் அவன்தான் தொடங்குகிறான். எனவே முதலில் தொடங்க ஓர் ஆளைப் பிடியுங்கள்.

மன்றாட்டுமாலை முடிந்ததும் எங்கள் அப்பா ஒரு பட்டியல் சொல்வார். தாத்தா, ஆச்சி, கைக்குழந்தையாகவே போய்விட்ட அக்கா, கூட வேலை பார்த்த நண்பர், கடைசியில் 'நினைக்க ஆளில்லாத உத்தரிக்கிற ஆன்மாக்கள்', அதாவது விண்ணகம் சேருமுன் தூய்மை பெற்றுக்கொண்டிருப்பவர்கள். சிறுவயதில் எங்களுக்கு அது சோற்றைத் தள்ளிப்போடும் பட்டியல். இப்போது ஆச்சிக்கு அடுத்து அப்பாவின் பெயர் வருகிறது. பெயரைச் சொல்லி 'நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே' என்றால், மற்றவர்கள் 'முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக' என்பார்கள். அவ்வளவுதான். அழுகை வந்தால் வரட்டும். அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.

கணவர் வீட்டார் தயங்கினால் அதிலும் நியாயம் இருக்கிறது. இறந்தோருக்காக ஜெபிக்கக் கத்தோலிக்கர் காட்டும் ஆதாரங்களில் முக்கியமானது மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். அவர்கள் கையிலுள்ள வேதாகமத்தில் பொதுவாக அந்த நூலே இராது. இறந்தவர் வாழ்ந்த வாழ்வுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்வதுதான் அங்கே வழக்கம். சாப்பாட்டு மேசையில் இதை வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமானால் லூக்கா 2:29-32, சிமியோனின் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரவு மன்றாட்டில் அது நாள்தோறும் வருகிறது. ஆங்கிலிக்கன் மாலை ஆராதனையிலும் உண்டு. 1947இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. உருவானபோது அந்த மரபும் அதில் சேர்ந்தது. வாக்குறுதிக்காகக் காத்திருந்த சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, இனி என்னைச் சமாதானத்தோடு போகவிடும் என்கிறார். நான்கே வசனங்கள். அதை உங்கள் கணவர் வாசிக்கட்டும், அம்மா நித்திய இளைப்பாற்றி சொல்லட்டும். யாரும் யாரையும் திருத்த வேண்டாம்.

நேரத்துக்காகவும் மல்லுக்கட்டாதீர்கள். காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளை ஜெபத்தில் மாலை ஆறு மணி ஜெபம் இந்த ஊரில் பலருக்கு மின்சார ரயிலில் கழிகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். பின் என்றால் பாதிப் பேர் சாமியாடுவார்கள், தூக்கத்தில்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் கீழ்ப்பாக்கமோ காசிமேடோ போவதானால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதை மறக்காதீர்கள். முதல் நாளே போய்க் கல்லறையைக் கழுவிவிடுங்கள். குடையும் கண்ணாடிக்குள் வைத்த மெழுகுவர்த்தியும் எடுத்துப் போங்கள். அப்பாவின் நினைவு நாளுக்குப் பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்தை, அதாவது யாருக்காகத் திருப்பலி என்பதை, முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நிறையப் பெயர்களை ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்கள். வாரநாள் காலைத் திருப்பலி என்றால் அப்பாவின் பெயர் அம்மாவின் காதில் தெளிவாக விழும்.