கோவையில் இரண்டு நாள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சனி, ஞாயிறு கோவைக்கு வருகிறோம், எதைப் பார்க்கலாம், எதை விடலாம் என்று கேட்டவர்களுக்கு ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் சில இடங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன்.

சென்னையிலிருந்து: அண்ணா, நானும் மனைவியும் சேரன் எக்ஸ்பிரஸில் சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறோம். ஞாயிறு இரவு கிளம்ப வேண்டும். ஊட்டியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாங்க. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் காலை 7.10-க்கே கிளம்பிவிடும். 46 கிலோமீட்டர்தான், ஆனாலும் மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், விடுமுறை நாள் நெரிசலில் கொண்டை ஊசி வளைவுகளில் நிற்கவும் வேண்டும். இருப்பதே இரண்டு நாள், அதில் ஒன்று இப்படியே போய்விடும். ஊட்டிக்குத் தனியாக வாங்க.

கோவைக்குத் திட்டம் போடும்போது அரை நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோயில்களும் மலையடிவாரமும் மேற்கே. அருங்காட்சியகம், கல்லூரிகள், விமான நிலையம் எல்லாம் கிழக்கே அவிநாசி ரோட்டுப் பக்கம். கடைவீதி நடுவில். காலையில் மருதமலை, மதியம் கொடிசியா கண்காட்சி வளாகம், சாயங்காலம் ஈஷா யோக மையம் என்று போட்டால் குறுக்கும் நெடுக்கும் அலைவதற்கே பொழுது சரியாகிவிடும். அறையை ஸ்டேஷன் பக்கத்திலோ காந்திபுரத்திலோ எடுங்கள்.

முதல் நாள் காலை பேரூர் சிவன் கோயிலுக்குப் போங்க. இதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள்தான், டவுன் பஸ் நிறைய உண்டு. பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடாதீர்கள், கனகசபை மண்டபத்தில் நின்று பாருங்கள். தூணுக்குத் தூண் ஆளுயரச் சிற்பம். யானையை உரித்துத் தோலைப் போர்த்திய கஜசம்ஹார மூர்த்தி, அகோர வீரபத்திரர், காலைத் தலைக்கு மேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவர், எதிரே காளி. அண்ணாந்து பார்த்தால் விதானத்திலிருந்து கல்லிலேயே கோத்த சங்கிலி தொங்கும். சுந்தரர் வந்தபோது சிவனும் அம்மனும் பள்ளன் பள்ளியாக வயலில் இறங்கி நாற்று நட்டார்கள் என்பது தல கதை. ஆனி மாதம் இன்றைக்கும் நாற்று நடவு விழா நடக்கிறது. விதை முளைக்காத பிறவாப்புளி மரத்தையும் சாகாத இறவாப்பனை மரத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் நொய்யல் படித்துறை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது.

கரூரிலிருந்து: அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மருதமலைக்குக் கூட்டிப் போக வேண்டும். எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்குவது, படி ஏற முடியாதே?

கரூர், திருச்சி, மதுரைப் பக்கத்து பஸ் எல்லாம் சிங்காநல்லூரில் நிற்கும். ஈரோடு, திருப்பூர், சேலம் என்றால் காந்திபுரம். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். இது தெரியாமல் திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்ட் மாறிப் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். சிங்காநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வந்து, அங்கே மருதமலை பஸ் ஏறுங்கள். படி ஏற வேண்டியதில்லை, அடிவாரத்திலிருந்து கோயில் பஸ் மேலே போகிறது. கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம் மட்டும் வேண்டாம். அன்றைக்கு வரும் கூட்டத்தில் பெரியவர்களை நிற்க வைக்க முடியாது.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினொரு வயது. கோயில் என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். வ.உ.சி. பூங்காவில் மிருகக்காட்சி சாலை இருக்கிறதல்லவா?

அந்த மிருகக்காட்சி சாலைக்கு 2022-ல் அங்கீகாரம் போய்விட்டதுங்க, அதை நம்பி வராதீர்கள். அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்கள் ஒவ்வொன்றும் துடைத்து வைத்த பித்தளை மாதிரி மின்னும், பிள்ளைகள் நகரமாட்டார்கள். அங்கேயே ஜி.டி. நாயுடுவைப் பற்றியும் சொல்லுங்கள். கலங்கல் என்ற ஊரில் பிறந்து, 1920-ல் ஒற்றை பஸ்ஸை பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ஓட்டித் தொழிலைத் தொடங்கிய மனிதர். இந்த ஊரில் பட்டறைக்குப் பட்டறை மோட்டாரும் பம்ப்செட்டும் செய்கிறார்கள் என்றால் அந்தப் பேச்சு அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கும். நீங்கள் காரில் வந்தால் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை அவர் பெயரில் 2025-ல் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்திலேயே வந்துவிடலாம்.

மதியத்துக்கு மேல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சி அருங்காட்சியகம். வண்டும் பட்டாம்பூச்சியும் குச்சிப் பூச்சியும் இத்தனை வகையா என்று பெரியவர்களே வாய்பிளப்பார்கள்.

சேலத்திலிருந்து: நாங்கள் நாலு பேர், பைக்கில் கோவைக் குற்றாலம் போகலாம் என்று இருக்கிறோம்.

போங்க தம்பி, ஆனால் வனத்துறை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் பெருகினால் உடனே மூடிவிடுவார்கள். பைக்கைச் சாடிவயலிலேயே நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். காலையிலேயே போய்க் குளித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அது யானை நடமாடும் காடு. இருட்டிய பிறகு அந்த ரோட்டில் நின்று போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

வெள்ளியங்கிரி ஏழு மலையையும் இதோடு சேர்க்காதீர்கள். பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவார்கள், அதற்கு வேறு தயாரிப்பு வேண்டும்.

மதுரையிலிருந்து: எங்கள் ஊர்ச் சாப்பாட்டை விட்டு வருகிறோம். அங்கே என்ன விசேஷம்?

காரம் குறைவு, தேங்காய் அதிகம். அதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் ஒன்றாக வெந்த அரிசிம்பருப்புச் சாதம் சுடச்சுட, மேலே ஒரு கரண்டி நெய். அதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. காலையில் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை கிடைத்தால் விடாதீர்கள், தேங்காய்ப்பால் சர்க்கரை ஊற்றிச் சாப்பிட வேண்டும். கறி சாப்பிடுகிறவர்களுக்குப் பள்ளிபாளையம் சிக்கன். வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும்தான் அதன் ருசி.

சாயங்காலம் தள்ளுவண்டிக் காளான். பெயர்தான் காளான், உள்ளே முட்டைக்கோஸ்தான் அதிகம். பொரித்ததைப் பெரிய கல்லில் மசாலாவோடு கொத்திக் குழைத்து, தட்டில் போட்டு, பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். ஆறவிட்டால் வீண், நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுங்கள்.

கோபியிலிருந்து: தங்கச்சி கல்யாணத்துக்குத் துணி எடுக்கணுங்க. ஒரே நாளில் முடியுமா?

தாராளமாக. ஒப்பணக்கார வீதியையும் டவுன்ஹாலையும் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்க அக்கா. நடுவில் கோனியம்மனைக் கும்பிட்டுக்கொள்ளலாம், ஊர்க் காவல் தெய்வம். நகைக்கு ராஜவீதி பக்கத்திலேயே இருக்கிறது. காந்திபுரத்துக் கிராஸ்கட் ரோட்டையும் அதே நாளில் சேர்த்தால் கால் ஓய்ந்துவிடும். பட்டோடு, பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா காட்டன் சேலையும் ஒன்றிரண்டு எடுங்கள், புவிசார் குறியீடு வாங்கிய நெசவு. வெயிலுக்கு அதைப்போல் சுகம் இல்லை.

பெங்களூரிலிருந்து: தனியாக வரும் பெண் நான். ஞாயிறு சாயங்காலம் ரயில் ஏறும் வரை எங்கே இருக்கலாம்? எந்த மாதம் வரலாம்?

ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போங்க. சுற்றி வந்தால் இரண்டரை கிலோமீட்டர், மர நிழல், குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ஸ்டேஷனும் கிட்டத்திலேயே. மாதம் என்றால் டிசம்பர், ஜனவரி. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் அடிக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், குடை மட்டும் நிற்காது. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள், ஞாயிறு இரவு வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.