கார் இண்டெக்ஸ் 18 வந்தால் பவுடரை நேரடியாக மாத்திரையாக அடிக்கலாமா?

கார் இண்டெக்ஸ், அதாவது தட்டினால் பவுடர் எத்தனை சதவீதம் அமுங்குகிறது என்ற எண் (குறைவாக இருந்தால் நன்றாக ஓடும்), 18 வந்துவிட்டது, நேராக கம்ப்ரஷனுக்கு, மாத்திரையாக அழுத்தப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி புராஜெக்ட்டாக இருக்க வேண்டும். அறையின் ஈரப்பதம் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு மாத்திரை ஆலையில் ஃபார்முலேஷன் (மருந்துக் கலவை வடிவமைப்பு) பார்க்கிறேன். இதே 18-ஐ நம்பி ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டெஸ்ட் எடுத்தது ஜோகன்னஸ்பர்க்கில், ஜூலையில். அங்கே அப்போது குளிர்காலம், உதடு வெடிக்கிற வறட்சி. உற்பத்தி டர்பனில், ஜனவரியில். துவைத்த சட்டை இரண்டு நாளானாலும் பிசுபிசுக்கும். கலவையில் மக்காச்சோள ஸ்டார்ச் கணிசமாக இருந்தது; காற்றில் ஈரம் இருந்தால் அது சும்மா விடாது. மெஷின் ஓடி அரை மணிகூட ஆகவில்லை, 500 மி.கி. வர வேண்டிய மாத்திரை 462 காட்டியது, இன்னொன்று 531. மெஷினுக்குப் பவுடர் ஊட்டும் புனல் தொட்டியான ஹாப்பருக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் எலி வளை மாதிரி ஓட்டை, சுற்றிலும் பவுடர் சுவரோடு அப்பிக்கொண்டு நிற்கிறது.

அங்கேயே 100 கிராம் எடுத்து சிலிண்டரில் கொட்டினேன். 210 மி.லி. வந்தது. 1250 தட்டு தட்டியதும் 150-க்கு இறங்கியது. இறங்கிய 60-ஐ 210-ஆல் வகுத்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 29 சதவீதம். பார்மகோபியா (மருந்துத் தர நூல்) அட்டவணைப்படி 'மோசம்'. அதே ஃபார்முலா, அதே சப்ளையர்!

"பார்மகோபியா முறையையே குறை சொல்கிறாரே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். முறை சரிதான். எண்ணுக்குப் பக்கத்தில் ஈரப்பதத்தை எழுதாமல் விட்டதுதான் தப்பு, அதில் எனக்கும் பங்கு உண்டு.

அப்புறம், பவுடர் ஓடினால் மட்டும் போதாது, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஆஸ்பிரினோடு, மெஷினில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டைக் கலந்து 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் சில வாரம் வைத்துவிட்டு மூடியைத் திறந்தால், ஆஸ்பிரின் சிதைந்து வினிகர் வாடை மூக்கில் ஏறும். அமீன் (நைட்ரஜன் உள்ள வேதித் தொகுதி) உள்ள சில மருந்துகளோடு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சேர்ந்தால் பழுப்படித்துவிடும்.

அந்த பேட்ச் குப்பைக்குத்தான் போனது. ஸ்டார்ச்சைக் குறைத்து, உலர் கிரானுலேஷனுக்கு (தண்ணீர் சேர்க்காமல் பவுடரை அழுத்திக் குருணையாக்கும் முறை) மாற்றி எல்லாவற்றையும் திருப்பி எழுதியது நான். அறிக்கையில் மேலாளர் பெயர் முதலில், என் பெயர் நன்றி வரியில். ஊரில் சித்தப்பாவோ இன்னும் "மருந்துக்கடையில்தானே இருக்கே?" என்கிறார்.

சரி, உங்கள் 18 எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்தது? அதைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம்.