சாய்தளத்திற்கும் ஒரு கணக்கு உண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (வாசகி, மன்னார்குடி): பக்கவாதத்திற்குப் பிறகு என் தாயார் சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் உள்ளன. ஐந்தடி நீளத்தில் சாய்தளம் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். அது போதுமா?

பதில்: போதாது. படி ஒன்றுக்கு 6 அங்குலம் என்று கொண்டால், மூன்று படிகளின் உயரம் 18 அங்குலம். கட்டடங்கள் எல்லாரும் புழங்கத்தக்கவையாக அமைய மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளின்படி, ஓர் அங்குல உயரத்திற்குக் குறைந்தது 12 அங்குல நீளம் வேண்டும். அப்படியானால் உங்களுக்குத் தேவைப்படுவது 18 அடி. ஐந்தடிக்குள் முடித்தால் சரிவு ஏறத்தாழ 17 பாகை ஆகிவிடும். மேலே தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், கீழே இறங்கும்போது உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகச் சரிவார். அதைச் சாய்தளம் என்பதைவிடச் சறுக்குமரம் என்பதே பொருத்தம்.

வாசலுக்கு நேராக 18 அடி இடமில்லை என்றால், சுற்றுச்சுவரை ஒட்டி 9 அடி ஏறி, ஐந்தடிச் சதுரச் சமதளத்தில் திரும்பி, மீதி 9 அடியை ஏறும்படி அமைக்கலாம். கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் வேண்டும். இல்லையேல் ஒரு கையால் கதவைத் திறக்கும்போது மறு கையால் நாற்காலி உருளாமல் பிடித்துக்கொண்டு நிற்க நேரிடும். இருபுறமும் கைப்பிடி வைத்து, அது சரிவின் தொடக்கத்தையும் முடிவையும் தாண்டி ஓர் அடி நீளுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பான டைல்ஸ் வேண்டாம். ஈரம் காயுமுன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடிழுத்த சிமெண்ட் பூச்சு, ஐப்பசி மழையிலும் வழுக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலம் இரண்டடிக்குச் சற்று மேல். நம் வீடுகளில் கழிவறைக் கதவின் அகலமோ பெரும்பாலும் இரண்டரை அடி, நிலைச்சட்டமும் திறந்த கதவின் தடிமனும் போக அதிலும் குறையும். நெறிகள் கேட்கும் திறப்பு 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடி. ஆகவே கொத்தனாரை அழைக்குமுன் அளவு நாடாவை எடுத்து, வாசலிலிருந்து கழிவறை வரை உள்ள எல்லாத் திறப்புகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழிவறைக் கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. பீங்கான் இருக்கையின் உயரம் நாற்காலியின் உயரத்தோடு ஒத்து, 450 முதல் 480 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பக்கவாட்டில் மாறி உட்காருவது எளிது. துண்டு போடும் கம்பியைப் பிடிகம்பியாக நம்பிவிடாதீர்கள். அது ஓர் ஆளின் எடையைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டதன்று.

கேள்வி (வாசகர், விருதுநகர்): எங்கள் ஊர்த் திருமண மண்டபத்தில் படிகள் மட்டுமே உள்ளன. கேட்டால், “இது தனியார் கட்டடம், சட்டம் அரசு அலுவலகங்களுக்குத்தான்” என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் புழங்கும் கட்டடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் ‘பொதுக் கட்டடம்’ என்றே வரையறுக்கிறது. வணிகம், பண்பாடு, வழிபாடு, மருத்துவம் ஆகியவற்றுக்கான இடங்கள் அதில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளன. இருக்கும் கட்டடங்களைச் சீர்செய்யச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு, விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டதால், 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

ஆனால் நடைமுறையில் ஓர் ஓட்டை இருந்தது. சட்டம் ‘செய்தே ஆக வேண்டும்’ என்றது. அதன் கீழ் வந்த 15(1)-ஆம் விதியோ வெறும் வழிகாட்டு நெறிகளைச் சுட்டிவிட்டு நின்றது. பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுக வழி கோரி ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த விதி சட்டத்திற்கு முரணானது என்று கூறி, மீற முடியாத தரங்களை மூன்று மாதத்திற்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. நீங்கள் மண்டப நிர்வாகத்திற்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்து, பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகைப்படத்துடன் முறையிடலாம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி இருக்காது என்பதால் எழுத்தை வலியுறுத்துகிறேன்.

கேள்வி (வாசகர், மதுரை): நான் பார்வையற்றவன். என் வங்கிச் செயலியில் பல இடங்களில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் “பொத்தான், பெயரில்லை” என்று மட்டும் சொல்கிறது. அடையாளச் சரிபார்ப்பின்போது கண் சிமிட்டவும் சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: இவை இரண்டு வெவ்வேறு பிழைகள். முதலாவது, பொத்தானை அமைத்தவர் அதற்கு ஒரு சொல்லில் பெயரெழுதாமல் விட்டது. சில நிமிட வேலைதான். ஆண்ட்ராய்டின் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானில் பெயரில்லாத பல பொத்தான்களுக்கு நீங்களே பெயர் சூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. எனினும் அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்வதாகவே அது முடியும். செயலிகளும் இணையதளங்களும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமே இருப்பதைப் புகாரில் குறிப்பிடுங்கள்.

இரண்டாவதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே துணை. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தனித்தனியே தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி தரப்பட வேண்டும் என்றும் பணித்தது. வங்கிக்கு எழுதி 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள்.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் ஓடுகள் அழகுக்காகவா?

பதில்: அல்ல. நீளக் கோடுகள் ‘இவ்வழியே செல்க’ என்றும், புள்ளிகள் ‘நில், கவனி’ என்றும் பாதத்திற்கும் கைத்தடிக்கும் சொல்கின்றன. ஜப்பானியரான செய்இச்சி மியாகே உருவாக்கிய இவை 1967-இல் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. உங்கள் தெருவில் கோட்டு ஓடுகள் நேரே மின்கம்பத்தில் போய் முட்டினால், பதித்தவருக்கு இந்த மொழி தெரியவில்லை என்று பொருள். மாநகராட்சிக்குப் புகார் எழுதும்போது கம்ப எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.