கேமில் வந்த பணம், கேமில் போன பணம்: வரிக் கேள்விகளும் பதில்களும்

ஐபிஎல் 2025 சமயத்தில் ஃபேன்டசி கிரிக்கெட் ஆப்பில் 22,000 ரூபாய் போட்டு 40,000 எடுத்தேன். 5,400 ரூபாய் வரி பிடித்துக்கொண்டார்கள். என் சம்பளம் வருஷத்துக்கு 5 லட்சம்தான். 12 லட்சம் வரை வரி இல்லையே, அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா சார்?
(ஷூ கம்பெனி ஊழியர், ராணிப்பேட்டை)

கிடைக்காது. 12 லட்சம் வரை வரி வராமல் இருப்பது புதிய வரி முறையில் தரப்படும் தள்ளுபடியால். தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. ஆன்லைன் கேம் வெற்றிப் பணம் அந்த வகைதான். 2023 ஏப்ரல் 1 முதல் நேராக 30 சதவீதம்.

எடுத்தது 40,000, போட்டது 22,000, நிகரம் 18,000. அதில் 30 சதவீதம் 5,400. ஆப்காரர்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. வரியின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி) உண்டு. அந்த 216 ரூபாயை ரிட்டர்ன் போடும்போது நீங்கள்தான் கட்ட வேண்டும். ரிட்டர்ன் படிவங்களில் ஐடிஆர்-1 இதற்கு ஆகாது, ஐடிஆர்-2 போடுங்கள். "ஆப்பே பிடித்துவிட்டதே" என்று இந்த வருமானத்தைக் காட்டாமல் விடுகிறவர்கள் பலர். உங்கள் பான் எண்ணில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கும்; காட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும். பணத்தை எடுக்காமல் ஆப்பிலேயே விட்டுவைத்தாலும் மார்ச் 31 அன்று கணக்கில் நிற்கும் நிகர வெற்றிக்கு வரி உண்டு.

ஆன்லைன் ரம்மியில் மூன்று லட்சத்துக்கு மேல் போய்விட்டது. கடை லாபத்தில் அதைக் கழித்துக் காட்டலாமா?
(லுங்கி வியாபாரி, குடியாத்தம்)

முடியாது. கடை வருமானத்திலும் கழிக்க முடியாது, அடுத்த வருஷ வெற்றிக்கு எதிராக எடுத்துச் செல்லவும் முடியாது. நூல் வாங்கிய செலவு, கூலி என்று ஏதாவது பெயரில் கணக்கில் எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது பொய்க்கணக்கு, பிடிபட்டால் அபராதம் வரியைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்த நஷ்டத்தில் ஜிஎஸ்டியும் கலந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் இந்த ஆட்டங்களில் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம். அதாவது 128 ரூபாய் கட்டினால் 100 ரூபாய்தான் ஆட்டத்துக்கு. ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த 28 திரும்பாது. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதம் 40 சதவீதம்.

வரியைவிட எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. வீட்டில் சொல்லிவிடுங்கள். விட்டதைப் பிடிக்க இன்னும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பிளஸ் ஒன் படிக்கும் மகன் தன் கேம் ஐடியை 8,000 ரூபாய்க்கு விற்றுவிட்டான். பணம் என் வங்கிக் கணக்கில் வந்தது. வரி உண்டா?
(இல்லத்தரசி, சத்துவாச்சாரி)

உங்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் இந்தத் தொகைக்காகப் பயப்பட வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறு. வாங்கியவர் யார், அது யாருடைய பணம்? மோசடிப் பணமாக இருந்து, பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்தால் உங்கள் கணக்கை முடக்கிவிடுவார்கள். ஐடி விற்பனையைப் பெரும்பாலான கேம் நிறுவனங்களின் விதிகளும் அனுமதிப்பதில்லை. அந்த ஐடியோடு இணைத்திருந்த ஜிமெயிலையும் போன் நம்பரையும் இன்றே நீக்கச் சொல்லுங்கள்.

விளையாடினால் கிரிப்டோ டோக்கன் தரும் கேமுக்கு?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

அது மெய்நிகர் டிஜிட்டல் சொத்து. விற்ற லாபத்தில் 30 சதவீதம், வாங்கிய விலை தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தைத் தடை செய்துவிட்டு அதற்கு வரி எதற்கு? வரி வாங்கினால் அனுமதித்ததாகத்தானே அர்த்தம்?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆற்காடு)

அப்படி இல்லை ஐயா. வருமானம் வந்ததா என்பதைத்தான் வரிச் சட்டம் பார்க்கும். தொழில் முறையானதா என்பது வேறு சட்டத்தின் பாடு. கேம் பணத்துக்கு வரி என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் எழுந்ததும் அல்ல. செகண்ட் லைஃப் போன்ற மெய்நிகர் உலகங்களில் புழங்கும் பணத்துக்கு வரி போடலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டுப் பொருளாதாரக் குழு 2006-லேயே ஆராய ஆரம்பித்தது. கேம் காசை வாங்கி விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் என்று சீனா 2008-இல் அறிவித்தது. ஆட்டத்துக்குள் இருக்கும் காசு ரூபாயாகவோ டாலராகவோ மாறுகிற இடத்தில்தான் எந்த அரசும் கண் வைக்கிறது. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லை என்பதால் வெளிநாட்டு ஆப்களுக்குத் தாவும் பையன்களுக்கு இதையும் சொல்லுங்கள்: அந்த ஆப் வரி பிடிக்காமல் விட்டாலும் 30 சதவீதத்தை அவர்களே கணக்குப் போட்டுக் கட்டியாக வேண்டும், ஆப் பணத்தைத் தராமல் ஏமாற்றினால் முறையிட இங்கே அதற்கு ஓர் அலுவலகம்கூட இருக்காது.