யோகட்டில் என்ன கலந்திருக்கிறது?

கேள்வி: நான் மரக்கறிச் சாப்பாடுதான். கோணேசர் கோயில் விரத நாட்களில் கடை யோகட்டும் சீஸும் சாப்பிடலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் யோகட்டைப் பாருங்கள் அக்கா. நம் நாட்டுக் கப் யோகட் பலவற்றில் கெட்டியாக நிற்பதற்கு ஜெலட்டின் போடுகிறார்கள், அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கிற புரதம், கப்சூல் மருந்தின் உறையும் பெரும்பாலும் அதுதான். சீஸுக்குப் பாலைத் திரைய வைக்கும் ரெனெட் முன்பெல்லாம் பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து வந்தது. 1990இல் அமெரிக்கா அனுமதித்த பிறகு அதிலுள்ள கைமோசின் என்ற நொதியத்தை நுண்ணுயிர்களை வைத்தே செய்கிறார்கள், இன்றைக்குப் பெரும்பாலான சீஸ் அப்படித்தான். லேபிளில் வெறுமனே 'ரெனெட்' என்று போட்டிருந்தால் விரதத்துக்கு வேண்டாம். சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிர் இருக்கும்போது கப் யோகட் எதற்கு? ஜெலி ஆசை என்றால், சரி, கடல்பாசி காய்ச்சுங்கள்.